பாலைவனத்தில் வைத்த சோறு

என் பிள்ளைக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்பதை உன் அம்மா சொல்லித்தான் அறிகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாய், அம்மாவோடு முக்கால் மணித்தியாலம் கதைப்பாய், கடைசியில் "அப்பாவைக் கேட்டதாச் சொல்லுங்கோ" என்று வைத்துவிடுவாய். நான் பக்கத்துக் கதிரையில் பேப்பரை விரித்துக்கொண்டு இருப்பேன். அம்மா "பிள்ளை கேட்டதாம்" என்பாள். நானும் "ம்" என்பேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதையும் உனக்கு மட்டும் எழுதி ஒட்டி அனுப்பாமல், சனமெல்லாம் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது, பொறு.

லண்டன் மோர்டனில் எங்கள் தமிழ்ச் சங்கம் வருடாவருடம் போடும் மலர் உனக்குத் தெரியும். போன கிழமை மலர்க் குழுவில் இருக்கும் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். "அண்ணை, இந்த முறை கலியாணம் கட்டிப் போன மகளுக்கு ஒரு கடிதம் எண்டு நீங்கள் ஒண்டு எழுதித் தாங்கோ. நாலு புத்திமதி சொல்லுங்கோ. உங்களைப்போல நேர்மையான ஆக்கள் சொன்னால்தான் பிள்ளையள் கேக்குங்கள்" என்றான். நேர்மையான ஆள்! குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. அவனைப் பிழை சொல்லவும் முடியாது. சட்டனில் ஒரு மண்டபத்தில் நடந்த உன் கலியாண வரவேற்புக்கு அவனும் வந்திருந்தான். நீ மைக்கைப் பிடித்துப் பேசியதைக் கேட்டவன் அவன்.

அன்றைக்கு நீ பேசியதை இங்கே எழுதுகிறேன், வராதவர்களுக்காக. இங்கிலிஷில் பேசினாய். உனக்குப் பதின்மூன்று வயதில் அப்பாவும் அம்மாவும் உன்னை அமெரிக்காவில் ஒரு பெரிய பாலைவன மலைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள், அங்கே நீ சட்டத்தை மீறி ஒரு காட்டு மிருகத்துக்குச் சோறு வைத்தாய், விசாரிக்க வந்த அலுவலருக்கு முன்னால் உன்னை நிறுத்தி, உன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தவர் அப்பா, அப்படிப்பட்ட மனிதர் அவர் என்றாய். ஹோல் நிறையக் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் என் முதுகில் தட்டினார். நான் எழும்பிச் சனத்தைப் பார்த்துக் கைகூப்பினேன், பிள்ளை. கைகூப்பிவிட்டு இருந்தேன். நீ சொன்னதில் ஒரேயொரு பொய்தான் இருந்தது. அந்தப் பொய்யையும் உனக்குச் சொல்லித்தந்தவன் நான்.

அந்தச் சோற்றை நீ வைக்கவில்லை. நான் வைத்தேன்.

எப்படி வைத்தேன் என்று தொடக்கத்திலிருந்து சொல்லவேண்டும். சின்ன வயதிலேயே உனக்கு மிருகப் பைத்தியம். மற்றப் பிள்ளைகள் சுவரில் பாட்டுக்காரர்களின் படத்தை ஒட்ட, நீ பல்லியையும் பாம்பையும் ஒட்டினாய். மோர்டன் நூலகத்தில் அந்தப் பூங்காவைப் பற்றி இருந்த ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப நீதான் எடுத்தாய். பாலைவனத்தின் நடுவில் மலை, மலைக்கு மேலே காடு, காட்டில் கரடி, கீழே ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கி விழுகிற என்னைப் பிடித்து வைத்து, ஆயுள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிற எலியைப் பற்றிச் சொல்லுவாய். டெக்சாஸில் இருந்த உன் பெரியப்பா "வாங்கோவன், என்ரை வாகனத்தைத் தாறன், ஓடிக்கொண்டு போங்கோ" என்றபோது நீ வீட்டுக்குள் துள்ளின துள்ளலில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்கள்.

அந்த ஆடி மாதம் என் மனம் சரியாக இருக்கவில்லை. அதற்கு முதல் வருடம் ஊரில் என் ஐயா போய்விட்டார். செய்தி எனக்குக் கிடைத்தது எட்டாம் நாள். உடனே கிடைத்திருந்தாலும் போயிருக்க முடியாது. போனால் திரும்பி வர ஏலாது, இங்கே நிரந்தரமாக இருக்கக் கேட்ட அகதிக் கேஸ் முடியவில்லை, பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக இங்கே தந்த பயணப் புத்தகம் ஒன்றுதான் கையில். மூத்த மகன் நான் இருக்க, கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். ஆடி அமாவாசைக்குத் தகப்பன் இல்லாதவன் விரதம் இருந்து, காகத்துக்குச் சோறு வைத்து, அது தின்ற பிறகுதான் தான் சாப்பிடவேண்டும். நாங்கள் பூங்காவில் கூடாரம் அடித்த அன்றைக்கு மறுநாள் அமாவாசை. லண்டனிலிருந்தே கலண்டரைப் பார்த்து, அரிசியும் பருப்பும் பாகற்காயும் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் வந்தேன்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், பிள்ளை, பிறகு சொல்ல எனக்கு வாய்க்காது. காலையில் மலையின் பாறை சிவந்து, மஞ்சளாகி, வெள்ளையாகும். நீளக் காது முயல்கள் முள்ளுப் பற்றைக்குள் இருந்து எங்களைப் பார்க்கும். பறக்க அலுப்புப்பட்டு றோட்டில் ஓடித் திரிகிற குருவி ஒன்று வாயில் பல்லியோடு போனது. பன்றிக் கூட்டம் என்று நான் கத்த, "அது பன்றி இல்லை அப்பா, வேறை குடும்பம்" என்று திருத்தினாய். தூரத்தில் மலைச் சரிவில் கறுப்புக் கரடி ஒன்று குட்டியோடு போனதைக் கண்டு, மூச்சும் விடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் நகம் பதிந்த இடம் எரிந்தது. அப்படி ஒரு சந்தோசத்தை உன் முகத்தில் அதற்குப் பிறகு நான் காணவில்லை. கலியாண மேடையிலும் காணவில்லை.

அங்கே ஒரு பெண் ரேஞ்சர் இருந்தாள். பூங்காவைப் பார்க்கிற அலுவலர், அகலத் தொப்பி, வெயிலில் சிவந்த மூக்கு. முதல் நாளே உன்னைப் பிடித்துக்கொண்டாள். நீ கேட்ட கேள்விக்கு அவளுக்கே பதில் தெரியவில்லை என்று சிரித்தாள். பிள்ளைகளுக்கென்று ஒரு பயிற்சிப் புத்தகம் தந்தாள். அதை நிரப்பி முடித்தால் உறுதிமொழி எடுக்கவைத்து நெஞ்சில் ஒரு பட்ஜ் குத்திவிடுவாளாம். மற்றப் பிள்ளைகள் நாட்கணக்கில் செய்வதை நீ ஒரு இரவில் நிரப்பினாய். பதினெட்டு வயதானதும் கோடை விடுமுறைக்கு இங்கே வேலை பழக வா, எனக்கு எழுது என்று தன் விலாசத்தை ஒரு துண்டில் எழுதித் தந்தாள். அதைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினாய். "பாப்பம், பாப்பம், முதலிலை படிச்சு முடி" என்றேன்.

அமாவாசை மத்தியானம் அம்மா காஸ் அடுப்பில் சோறும் பருப்பும் வைத்து, பாகற்காய் பொரித்தாள். நான் ஒரு பேப்பர்ப் பிளேட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பாறைப் பக்கம் போக, நீ பின்னால் ஓடிவந்தாய்.

"அப்பா, ப்ளீஸ். இங்கை அனிமல்ஸுக்குச் சாப்பாடு வைக்கக்கூடாது. போர்டிலை எழுதியிருக்கு. மனிசர் சாப்பாட்டுக்குப் பழகினால் அதைச் சுட்டுப்போடுவினம்."

"அனிமலுக்கோ வைக்கிறன்? காகத்துக்கு. என்ரை ஐயாவுக்கு. என்ரை ஐயாவுக்கு ஒரு பிடி சோறு வைக்க நான் ஆரிட்டை உத்தரவு கேக்கிறது?"

"இங்கை அந்தக் காகம் இல்லை அப்பா."

"சும்மா இரு! உனக்கு என்ன தெரியும்?"

நான் கத்தின கத்தலில் பக்கத்துக் கூடாரத்தார் திரும்பிப் பார்த்தார்கள். நீ போய் அம்மாவோடு இருந்துவிட்டாய். நான் பாறைக்குப் பின்னால் பிளேட்டை வைத்துவிட்டு, ஊரில் கூப்பிடுகிற மாதிரி "கா, கா" என்று கூப்பிட்டேன். மேலே அண்டங்காக்கை ஒன்று சுற்றியது, இறங்கவில்லை. ஒரு மணித்தியாலம் நின்றேன். பசி ஒரு பக்கம், ஐயாவுக்கு என் கையால் சாப்பிட மனமில்லையோ என்ற எண்ணம் ஒரு பக்கம். அப்போதுதான் பற்றைக்குள் இருந்து அது வந்தது. நரிக்கும் நாய்க்கும் இடைப்பட்ட உருவம், சாம்பலும் மண்ணும் கலந்த நிறம். கொயோட்டி என்று நீ பிறகு சொன்னாய். பின்னங்கால் ஒன்றைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தது. என் ஐயா கடைசி வருடத்தில் கால் இழுபட நடந்தார் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. அது வந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பிளேட்டை நக்கித் தின்றது. நான் அந்த வெயிலில் நின்று குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன். உன் அம்மாவுக்கும் இதைச் சொன்னதில்லை.

ஒரு நாளோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அமாவாசை முடிந்துவிட்டது, சாத்திரமும் முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த நாளும் கொண்டுபோனேன். அதற்கடுத்த நாள் இரண்டு தரம் கொண்டுபோனேன். அது எனக்காகக் காத்து நின்றது. நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். இரண்டாம் நாள் "அப்பா" என்று தொடங்கினாய், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாய். நான்காம் நாள் மத்தியானம் அது பட்டப்பகலில் கூடாரங்களுக்கு நடுவே வந்து, தின்னப் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்த ஒரு சின்னக் குழந்தையின் விரலைக் கடித்துவிட்டது. குழந்தையின் தகப்பன் கல்லால் எறிந்து கலைத்தான். குழந்தை கத்தின சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

அரை மணித்தியாலத்தில் அந்த ரேஞ்சர் என் பேப்பர்ப் பிளேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தாள். அந்த வெளி முழுக்க மஞ்சள் போட்ட பருப்பும் சோறும் தின்றவர்கள் நாங்கள் மட்டுந்தான். துப்பறிய அவளுக்கு என்ன கஷ்டம்? இதை யார் வைத்தது என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் பத்து வருடம் இங்கிலிஷில் கடிதம் எழுதின மனுசன், ஒன்றும் விளங்காதவன்போல நின்றேன். அவள் சட்டைப் பையில் குத்தியிருந்த பேனைதான் என் கண்ணில் நின்றது. அந்தப் பேனையால் என் பெயரை எழுதினால், அது ஒரு கடதாசியில் ஏறினால், லண்டன் எயார்போர்ட்டில் என் பயணப் புத்தகத்தைத் திறக்கிறவன் அதைக் காண்பான் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு உன் பக்கம் திரும்பினேன்.

"நீதான் வைச்சனீ எண்டு சொல்லு."

நீ விளங்காமல் பார்த்தாய்.

"என்ரை கேஸ் இன்னும் முடியேல்லை. என்ரை பேர் ஏறினால் எங்களை உள்ளை விடமாட்டாங்கள். நீ சின்னப்பிள்ளை, உன்னை ஒண்டும் செய்யமாட்டினம். சொல்லு."

"அப்பா, அவ என்னை நம்புறா."

"சொல்லு எண்டால் சொல்லு!"

சொன்னாய். நிலத்தைப் பார்க்காமல், அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். எனக்கு அந்தத் துணிவு இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் உனக்கு முன்னால் குந்தியிருந்து, சோறு வைக்கக்கூடாது என்று உனக்குத் தெரியும்தானே, மற்ற யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியும்தானே என்று மெதுவாகக் கேட்டாள். ஓம், தெரியும் என்றாய். அவள் எழும்பிப் போய்விட்டாள். பேனையை எடுக்கவில்லை. எழுதவில்லை. எங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நான் சொல்லியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும், ஒரு பேச்சு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான். சும்மா விற்றேன் உன்னை.

பின்னேரம் மற்றப் பிள்ளைகள் வரிசையில் நின்று பட்ஜ் குத்திக்கொண்டார்கள். நீ போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை. அடுத்த நாள் விடியக் கூடாரம் கழற்றும்போது ஒரே ஒரு வெடி கேட்டது. ஊரில் சண்டைக் காலத்தில் எத்தனை வெடிச் சத்தம் கேட்டவன் நான், எந்தத் துவக்கு என்றுகூடச் சொல்லுவேன். நீ முதன்முதலாகக் கேட்டது அது. கூடாரத்து முளையைக் கையில் பிடித்தபடி நின்றாய். அம்மா என்னைப் பார்த்து, "நீங்கள் சொல்லியிருக்கலாம்" என்றாள், அவ்வளவுதான் சொன்னாள். வழியில் பெற்றோல் அடிக்க நிறுத்தியபோது உனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தேன். "தாங்க்ஸ் அப்பா" என்று வாங்கித் தின்றாய். ஐஸ்கிறீமோடு மறந்துவிட்டாய் என்று நினைத்து வாகனத்தை ஓட்டினேன். தகப்பன்மாருக்கு இப்படி நினைக்க நல்லாய் வரும்.

லண்டன் வந்ததும் சுவரில் இருந்த படங்களைக் கழற்றினாய். அறைக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் சொன்னாய், நானே அடித்தேன், வளர்ந்துவிட்டாய் என்று பெருமைப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளை விலங்கியல் படிக்கும் என்று நினைத்தேன், ஏன் திடீரென்று மனம் மாறியது என்று கேட்டபோது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டு, "எங்கட ஆக்களுக்குப் பார்மசிதான் நல்லது" என்றேன். சட்டன், பார்க்கிங் என்று லண்டனில் எந்த ஊர் விருந்துக்குப் போனாலும் என் மகள் சொல்வழி கேட்கிற பிள்ளை என்றேன். ஓம், சொல்வழி கேட்ட பிள்ளைதான். "சொல்லு" என்றேன், சொன்னாய்.

அதற்குப் பிறகும் ஒரு தடவை உன்னை எழுதவைத்தேன், அது உனக்கு நினைவிருக்கும். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்ட காலம், உனக்குப் பதினேழு வயது. குசினியில் சாப்பாட்டு மேசையில் இருந்து நீ கேள்வியை வாசிக்க, நான் பதில் சொல்ல, நீ நிரப்பினாய். கடைசிப் பக்கத்தில், உங்கள் நன்னடத்தையைச் சந்தேகிக்கும்படி ஏதாவது செய்திருக்கிறீர்களா என்கிற மாதிரி ஒரு கேள்வி. வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாய். அந்த நேரம் சொல்லியிருக்கலாம். விண்ணப்பத்தில் போட அல்ல, உன்னிடம். "இல்லை எண்டு போடு" என்றேன். போட்டாய். அழகான கையெழுத்து உனக்கு. அந்தக் கையெழுத்தில்தான் நான் பிரித்தானியன் ஆனேன்.

இனிப் புத்திமதி. மலர்த் தம்பி நாலு கேட்டான், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உனக்குப் பிள்ளை பிறந்தால், நீ பயப்படுகிற இடத்தில் அதை முன்னுக்கு விடாதே. பயம் பொல்லாதது, அது நியாயம் மாதிரியே கதைக்கும். குடும்பத்துக்காக என்று சொல்லும், கேஸுக்காக என்று சொல்லும். நான் குடும்பத்துக்காகச் செய்யவில்லை. எனக்காகச் செய்தேன். உன் மாப்பிள்ளை நல்ல பொடியன் மாதிரித் தெரிகிறார். அவர் ஒருநாள் உன்னை "நீ போய்ச் சொல்லு" என்று எங்கேயாவது அனுப்பினால், போகாதே.

இதுவரை எழுதி, அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தாள். பாராட்டுவாள் என்று எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்தேன், வெட்கக்கேடு. "பிள்ளையைக் கேட்டனீங்களோ, இதைப் போடலாமோ எண்டு?" என்றாள். கேட்கவில்லை. உன் கதையை எடுத்து, உன்னைக் கேளாமல், என் பாரத்தை இறக்க ஊருக்கு முன்னால் வைக்கப் பார்த்திருக்கிறேன். மறுபடியும் அதே வேலை. அம்மா போனை எடுத்து நம்பரை அடித்து என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும், "அண்டைக்கு ஹோலிலை ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?" என்று கேட்டேன்.

"வேறை என்ன சொல்ல, அப்பா? நீங்கள்தானே என்னைச் சொல்ல வைச்சனீங்கள். இத்தினை வருசத்திலை ஒரு நாள் எழும்பி 'இல்லை'யெண்டு சொல்லுவீங்களோ எண்டு பார்த்தன். நீங்கள் கும்பிட்டீங்கள்."

கடைசியில், இதை மலரில் போடட்டோ என்று கேட்டேன்.

"போடுங்கோ அப்பா" என்றாய். "ஆனா எனக்கு வாசிச்சுக் காட்ட வேண்டாம்."

உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் படிப்பிக்கவில்லை. ஆகவே நீ இதை வாசிக்கப்போவதில்லை, மற்றவர்கள் வாசிக்கப்போகிறார்கள். வாசிக்கிறவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கோயிலிலோ கடையிலோ என் மகளைக் கண்டால், இதைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்காதேயுங்கள். அவள் எனக்காகச் சொன்னது போதும். என்னிடம் வந்து கேளுங்கள். நான் சொல்கிறேன்.